லட்சணமான பிள்ளை: புத்தரின் உடம்பையும் அரண்மனையையும் பழைய நூல்கள் எப்படி எழுதின?

சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று ஒரு சாமி. அந்தக் கல் சிலை முனியப்பன் இல்லை, புத்தர் என்று வழக்கு போனது. சென்னை உயர் நீதிமன்றம் தொல்லியல் துறையைப் பார்த்துச் சொல்லச் சொன்னது. தாமரைப் பீடத்தின் மேல் அர்த்த பத்மாசனம், தியான முத்திரையில் கைகள், தலையில் சுருள்முடி, உச்சியில் உஷ்ணீஷம் என்ற மேடு, நீண்டு தொங்கும் காது, நெற்றியில் ஊர்ணம் என்ற ரோமக்குறி மட்டும் தெரியவில்லை என்று அறிக்கை வந்தது. அது புத்தர் சிலைதான் என்று 2022இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உடம்பில் இருக்கும் அடையாளங்களைப் பார்த்து "இவர் இன்னார்" என்று சொல்லும் இந்த வேலை, புத்தரின் கதையிலேயே அவர் பிறந்த சில நாட்களில் நடந்துவிடுகிறது. அங்கே பார்த்தவர்கள் குறி பார்த்துப் பலன் சொல்லும் பிராமண நிமித்திகர்கள், இங்கே தொல்லியல் அதிகாரிகள். கையிலிருந்த பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது, அது எதற்காக எழுதப்பட்டது, அதோடு கூடவே வரும் அரண்மனைக் கதை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். முன்னறிவு எதுவும் வேண்டாம். "பிள்ளை லட்சணமா இருக்கான்" என்று வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் போதும்.

பாதத்தில் தொடங்கி உச்சி வரை

லட்சணம் என்றால் நமக்கு அழகு. மூலத்தில் அதன் பொருள் அடையாளம், குறி. பாலி மொழியில் லக்கணம் என்பார்கள். பெரிய மனிதர் ஒருவரின் உடம்பில் 32 லக்கணங்கள் இருக்கும் என்பது பௌத்த நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. அப்படிப்பட்டவருக்கு 'மகாபுருஷர்' என்று பெயர்.

பட்டியல் உள்ளங்காலில் தொடங்கி மேலே ஏறித் தலை உச்சியில் முடிகிறது. நம் சிற்றிலக்கியங்களில் பாதாதிகேசம் என்று ஒரு வகை உண்டே, அதே வரிசை.

பாதம் தரையில் முழுதாகப் படியும், நடுவில் குழி இருக்காது. உள்ளங்காலில் ஆயிரம் ஆரங்கள் கொண்ட சக்கரம். நீண்ட விரல்கள், மென்மையான கை கால். பெண்மானின் காலைப் போன்ற கெண்டைக்கால். குனியாமல் நின்றபடியே முழங்காலைத் தொடும் கைகள். "ஆள் ஆஜானுபாகுவா இருக்கார்" என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் இதுதான்: முழங்கால் வரை நீண்ட கை உடையவர்.

அப்புறம் பொன்னிறத் தோல், அதுவும் தூசு ஒட்டாத அளவு வழவழப்பானது. ஒரு மயிர்க்கண்ணுக்கு ஒரே மயிர், அது வலப்பக்கம் சுருண்டு மேல்நோக்கி நிற்கும். சிங்கத்தின் முன்பாதி போன்ற மார்பு, சிங்கத் தாடை. நாற்பது பற்கள், இடைவெளி கிடையாது. மிகப் பெரிய நாக்கு. கரவீகம் என்ற பறவையின் குரல். கருநீலக் கண், கன்றுக்குட்டியின் இமை. புருவ நடுவில் பஞ்சு போல வெள்ளை ரோமம், அதுதான் ஊர்ணம். கடைசியாகத் தலைப்பாகை கட்டியது போன்ற தலை, அது உஷ்ணீஷம்.

கை இரண்டையும் பக்கவாட்டில் விரித்தால் வரும் அளவும் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் பட்டியலில் உண்டு. ஆலமரம் போன்ற அளவு என்று பெயர். நீங்களே அளந்து பாருங்கள், ஏறக்குறைய சரியாக வரும். 32இல் ஒன்று நமக்கும் இருக்கிறது.

மற்றவற்றை அப்படியே கண்ணுக்கு முன்னால் நிறுத்தினால் கொஞ்சம் விபரீதமான உருவம்தான் கிடைக்கும். பிறந்த குழந்தைக்கு நாற்பது பல் எப்படி என்ற கேள்வியும் வரும். உரையாசிரியர்களுக்கும் இப்படிப்பட்ட சங்கடங்கள் இருந்திருக்கின்றன. 'வலை போன்ற கை கால்' என்று ஒரு லக்கணம். வாத்தின் காலைப் போல விரல்களுக்கு நடுவே தோல் இருக்கும் என்று அதைப் படிக்கலாம். பாலி உரை அதை மறுக்கிறது. அப்படிக் கை உள்ளவர் சங்கத்தில் துறவியாகவே சேர முடியாது, உடற்குறை என்று விதியே இருக்கிறது, ஆகவே விரல்கள் சன்னலின் சட்டங்கள் போல ஒரே சீராக அமைந்தவை என்றுதான் பொருள் என்கிறது. புத்தரே தன் சங்கத்தில் சேரத் தகுதியில்லாதவராகிவிடக் கூடாதே!

உடம்பு ஒரு கணக்குப் புத்தகம்

படம் வரைய முயலாமல் இந்தப் பட்டியலைப் படிக்க வேறொரு வழி இருக்கிறது. அதை நூல்களே சொல்லித் தருகின்றன. நிகாயங்கள் என்பவை புத்தரின் உபதேசங்களைத் தொகுத்த பாலி நூல்கள். அவற்றில் ஒன்றான தீக நிகாயத்தில் 'லக்கண சுத்தம்' என்று ஒரு பகுதி உண்டு (சுத்தம் என்றால் இங்கே உபதேசம், சமஸ்கிருதத்தில் சூத்திரம்). ஒவ்வொரு லக்கணமும் முற்பிறவியில் செய்த எந்தச் செயலின் பலன், அதனால் இந்தப் பிறவியில் என்ன கிடைக்கும் என்று அது வரிசையாகச் சொல்கிறது. என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் முதலில் படிக்க வேண்டியது அதுதான்.

பொன்னிறம் எதனால்? முற்பிறவிகளில் கோபப்படாமல், பிறர் என்ன சொன்னாலும் சிடுசிடுக்காமல் இருந்ததாலும், மெல்லிய துணிகளைத் தானம் செய்ததாலும். தமிழில் இதை விளக்கவே வேண்டாம். கோபத்தில் "முகம் கறுத்துவிட்டது" என்கிறோம். முகம் கறுக்காதவன் பொன்னாகப் பிறக்கிறான்.

கருநீலக் கண்ணும் அழகிய இமையும் எதனால்? யாரையும் ஓரக்கண்ணால் பார்க்காமல், முறைக்காமல், நேராக, அன்பாகப் பார்த்ததால். பற்கள் சீராகவும் வெண்மையாகவும் இருப்பது, தராசிலும் அளவையிலும் கள்ளம் செய்யாமல் பிழைத்ததால். நாற்பது பல் இடைவெளியில்லாமல் இருப்பது, கோள் சொல்லாமல், பிரிந்தவர்களைச் சேர்த்து வைத்ததால். பெரிய நாக்கு, கடுஞ்சொல் பேசாததால். நம் ஊரில் "நாக்கு நீளம்" என்றால் வசவு, இங்கே அதற்கு நேர் எதிர். பாதம் தரையில் முழுதாகப் படிவது, எடுத்த நற்செயலில் உறுதியாக நின்றதால். ஊர்ணம், பொய் சொல்லாததால்.

செயலுக்கும் உறுப்புக்கும் இருக்கும் பொருத்தத்தைக் கவனித்தீர்களா? கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டவருக்கு வழவழப்பான தோல் என்பது போலச் சில இடங்களில் மட்டும் முடிச்சு புரிவதில்லை. மற்றபடி இது உடம்பில் எழுதிய ஒழுக்கப் பாடம். சாமுத்திரிகா லட்சணம் பார்க்கும் சோதிடர், குறியை வைத்து வருங்காலம் சொல்வார். லக்கண சுத்தம் அதே குறியைப் பிடித்துப் பின்னோக்கிப் போகிறது.

32இல் ஒன்றைச் சொல்லப் பலர் கூச்சப்படுவார்கள். ஆண்குறி உறைக்குள் மறைந்திருக்கும் என்பது. ஆண்மை இல்லாதவர் என்று இதற்குப் பொருள் எடுக்கக் கூடாது. பிரிந்த பெற்றோரையும் பிள்ளைகளையும் உறவினரையும் சேர்த்து வைத்ததன் பலன் இது என்கிறது லக்கண சுத்தம். அதனால் நிறையப் பிள்ளைகள் கிடைக்கும். அரசனானால் வீரம் மிக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட மகன்கள், புத்தரானால் ஆயிரக்கணக்கான சீடர்கள். ஆற்றல் முழுதாக இருக்கிறது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்பதுதான் கருத்து. புத்தரை மெலிந்த, சாந்தமான உருவமாக மட்டும் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம். பழைய நூல்கள் அவரை ஆணேறு, சிங்கம், யானை என்றே அழைக்கின்றன. 'லலிதவிஸ்தரம்' என்ற சமஸ்கிருத நூலில், வழியில் செத்துக் கிடந்த யானையை இளவரசர் கால் பெருவிரலால் தூக்கி நகர மதிலுக்கு அப்பால் எறிகிறார். வில்போட்டியிலும் அவர்தான் முதல்.

இரண்டு விரல், ஒரு விரல்

32 லக்கணமும் உள்ளவருக்கு இரண்டே வழிகள். வீட்டிலேயே இருந்தால் தண்டமும் வாளும் இல்லாமல் அறத்தால் நிலம் முழுவதையும் ஆளும் சக்கரவர்த்தி ஆவார். வீட்டை விட்டுப் போனால் புத்தர் ஆவார். உள்ளங்காலில் சக்கரம் இருக்கிறதே, அது இரண்டு பக்கமும் பொருந்தும். ஆட்சிச் சக்கரமாகவும் உருளலாம், தருமச் சக்கரமாகவும் உருளலாம்.

புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளுக்கு முன்னுரையாக வரும் 'நிதானகதை' இதை நாடகமாகக் காட்டுகிறது. பெயர் வைக்கும் நாளில் அரண்மனைக்கு வந்த பிராமணர்களில் எட்டுப் பேர் குழந்தையின் குறிகளைப் பார்க்கிறார்கள். ஏழு பேர் இரண்டு விரலைத் தூக்குகிறார்கள், அதாவது அரசனாகவும் ஆகலாம், புத்தனாகவும் ஆகலாம். எல்லோரிலும் இளையவரான கொண்டஞ்ஞர் ஒரே ஒரு விரலைத் தூக்குகிறார். வழி ஒன்றுதான். பல வருடம் கழித்துப் புத்தரின் முதல் உபதேசத்தைக் கேட்டுப் புரிந்துகொண்ட முதல் சீடராக அவரே வருகிறார்.

'சுத்த நிபாதம்' என்ற பழைய பாலித் தொகுப்பு சொல்லும் அசிதர் கதை வேறு மாதிரி. அந்த முதிய முனிவர் குழந்தையைக் கையில் வாங்கிப் பார்த்து மகிழ்கிறார், பிறகு அழுகிறார். குழந்தையின் குலத்தாரான சாக்கியர்கள் பதறுகிறார்கள், குழந்தைக்கு ஏதாவது ஆபத்தா என்று. இல்லை, இவர் போதிக்கும் நாளில் நான் உயிரோடு இருக்க மாட்டேனே என்கிறார் கிழவர்.

இந்த 'இரண்டு வழி' இல்லாவிட்டால் அரண்மனைக் கதையே இல்லை. மகன் முதல் வழியில் போக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மூன்று மாளிகை, ஆடல் பாடல், காவல் எல்லாம் அந்த ஆசைக்குப் போட்ட வேலிகள்.

நொய்க்கஞ்சியும் கறிச்சோறும்

அந்த மாளிகைகளைப் பற்றிப் புத்தரே சொல்வதாக ஒரு பழைய பகுதி அங்குத்தர நிகாயத்தில் இருக்கிறது. "நான் மென்மையாக, மிக மிக மென்மையாக வளர்க்கப்பட்டேன்" என்று அது தொடங்குகிறது. அப்பாவின் வீட்டில் எனக்காகவே மூன்று குளங்கள் வெட்டியிருந்தார்கள். ஒன்றில் நீலோற்பலம், ஒன்றில் செந்தாமரை, ஒன்றில் வெண்டாமரை. காசிச் சந்தனம் தவிர வேறு பூசியதில்லை. தலைப்பாகை, சட்டை, கீழாடை, மேலாடை எல்லாம் காசித் துணி. குளிர், வெயில், தூசு, புல், பனி எதுவும் படாதபடி இரவும் பகலும் வெண்குடை பிடிப்பார்கள். பனிக்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று என்று மூன்று மாளிகை. மழைக்காலம் நான்கு மாதமும் கீழே இறங்கவே மாட்டேன், சுற்றிலும் பெண்கள் மட்டும் இசைத்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து வரும் வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. மற்ற வீடுகளில் வேலையாட்களுக்கு நொய்ச்சோறும் புளித்த கஞ்சியும் கொடுப்பார்கள், எங்கள் வீட்டில் அவர்களுக்கே நல்ல அரிசிச் சோறும் கறியும். பொன், மணி, யானை என்று எதையும் எண்ணிக் காட்டவில்லை. வேலைக்காரர் தட்டைக் காட்டினால் வீட்டின் செல்வம் தெரிந்துவிடும் என்று அந்தக் காலத்திலேயே யாருக்கோ தோன்றியிருக்கிறது.

இந்தப் பகுதியில் மூன்று மாளிகைகள் இருக்கின்றனவே தவிர எத்தனை மாடி என்ற பேச்சில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட நிதானகதைக்கு வந்தால் ஒன்பது மாடி, ஏழு மாடி, ஐந்து மாடி என்று கணக்கு வருகிறது. ஆடும் பெண்கள் 40,000 பேர். கி.பி. முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டில் அசுவகோஷர் எழுதிய 'புத்தசரிதம்' இன்னொரு விதம். அது காவியம். இளவரசர் தேரில் வீதிக்கு வருகிறார் என்று கேட்டதும் ஊர்ப் பெண்கள் ஆடை நெகிழ ஓடிவந்து சன்னல்களில் முட்டி மோதிக்கொண்டு பார்க்கிறார்கள். நம் உலா நூல்களைப் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி பழகியதாகவே இருக்கும்.

சரி, அவர் உண்மையில் இளவரசர்தானா? சாக்கியர்கள் இமயமலை அடிவாரத்தில் கபிலவஸ்துவை மையமாகக் கொண்டு வாழ்ந்த ஒரு குலம். கோசல அரசின் மேலாட்சிக்கு உட்பட்டவர்கள். குலத் தலைவர்கள் சபையில் கூடி முடிவெடுக்கும் அமைப்பு அவர்களுடையது. அப்படிப்பட்ட தலைவரையும் 'ராஜா' என்றே அழைத்தார்கள். சுத்த நிபாதத்தில் மகத அரசர் பிம்பிசாரர், பிச்சைக்கு வந்த இளம் துறவியின் உடற்குறிகளையும் நடையையும் பார்த்து வியந்து, எந்தக் குலம் என்று கேட்கிறார். இமயத்தின் பக்கம், கோசலத்தைச் சேர்ந்த நாடு, சூரிய கோத்திரம், சாக்கியக் குலம் என்று பதில் வருகிறது. என் அப்பா அரசர் என்ற பேச்சே அங்கு இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளை என்பதை எல்லா நூல்களும் ஒப்புக்கொள்கின்றன. அந்த வீட்டைப் பேரரசாக்கியது கதை வளர்ந்த விதம்.

ஏன் வளர்த்தார்கள்? விட்டது பெரிதாக இருந்தால்தான் துறவும் பெரிதாகத் தெரியும் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. லக்கணங்கள் உள்ள உடம்புக்கு ஏற்ற இடம் வேண்டும். சக்கரவர்த்தியாகக் கூடிய பிள்ளையைச் சின்ன வீட்டில் வைத்து எழுத முடியாது.

இப்போது அந்தக் காதுக்கு வருவோம். சேலம் அறிக்கையில் சொல்லப்பட்ட நீண்ட காது, 32 லக்கணங்களில் கிடையவே கிடையாது. 80 சிறு குறிகள் என்று பின்னால் வந்த பட்டியலில்தான் அது இடம்பிடித்தது. சிலைகளில் அது எப்படி வந்தது என்பதற்குப் பலரும் சொல்லும் விளக்கம் எளிது: கனத்த குண்டலம் போட்டு வடிந்த காது. தென்மாவட்டங்களில் பாம்படம் போட்டு வளர்த்த பாட்டிகளின் காதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். நகையைக் கழற்றலாம், தொங்கும் காதை என்ன செய்வது? புத்தர் சிலைகளில் அரண்மனையின் தடம் மிஞ்சியிருப்பது அங்கேதான்.

நினைப்பு காட்சியாக மாறுகிறது

அவர் வீட்டை விட்டுப் போனதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும்: தேரில் போகும்போது முதியவர், நோயாளி, பிணம், துறவி என்று நான்கு பேரைப் பார்த்தார். அங்குத்தர நிகாயப் பகுதியில் தேரும் இல்லை, நான்கு பேரும் இல்லை. மாளிகைகளை வருணித்த கையோடு, அங்கேயே உட்கார்ந்து யோசித்ததாகச் சொல்கிறார். மூப்படையப் போகிற ஒருவன், இன்னொருவனின் மூப்பைப் பார்த்து அருவருக்கிறான். நானும் மூப்படையப் போகிறவன்தானே, நான் அப்படி அருவருப்பது தகுமா? அப்படி நினைத்ததும் இளமை என்ற மதம் இறங்கிவிட்டது. நோயை நினைத்தபோது ஆரோக்கியம் என்ற மதம் இறங்கியது. மரணத்தை நினைத்தபோது உயிரோடு இருக்கிறோம் என்ற மதம் இறங்கியது. மதம் பிடித்த யானை என்கிறோமே, அந்தச் சொல்தான் இங்கும்.

நான்கு காட்சிகள் பழைய நூல்களில் வருவது வேறொருவர் கதையில். முன்னொரு யுகத்தில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் விபஸ்ஸி புத்தரின் வரலாற்றில், தீக நிகாயத்தின் 'மகாபதான சுத்த'த்தில் அது இருக்கிறது. அவருக்கும் 32 லக்கணம், மூன்று மாளிகை, தேர். பின்னால் வந்தவர்கள் அதை எடுத்து நம்முடைய புத்தருக்கும் பொருத்திக்கொண்டார்கள். புத்தர்கள் எல்லோருடைய வாழ்க்கையும் ஒரே அச்சில் வார்த்தது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே இதில் ஏமாற்று என்று எதையும் அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

புறப்பாடும் இதே கதைதான். மஜ்ஜிம நிகாயத்தில் சில வரிகளில் முடிகிறது: கருகருவென்ற முடியுடன் இளமையில் இருந்தபோது, தாயும் தந்தையும் விரும்பாமல் கண்ணீர் வடிக்க, தலைமுடியையும் தாடியையும் மழித்துக் காவி உடுத்தி வெளியேறினேன். பகலில், சொல்லிவிட்டே போனது போலத்தான் அது ஒலிக்கிறது. பெற்ற தாய் மாயா குழந்தை பிறந்த ஏழாம் நாளே இறந்துவிட்டார் என்று வேறு நூல்கள் சொல்வதால், இங்கே தாய் என்பது வளர்த்த சித்தி மகாபிரஜாபதியாக இருக்கலாம். பிற்கால நூல்களில்தான் நள்ளிரவு, தூங்கும் மனைவி, மகன் ராகுலன், கந்தகன் என்ற குதிரை, குளம்புச் சத்தம் கேட்காமல் தேவர்கள் தாங்கிப் பிடிக்கும் காட்சி எல்லாம்.

மழித்த தலை என்று அவரே சொல்லியிருக்க, சிலையில் சுருள்முடி எப்படி வந்தது? நிதானகதை பதில் வைத்திருக்கிறது. சித்தார்த்தர் வாளால் தன் முடியை அறுத்தார், இரண்டு விரற்கடை மிஞ்சியது. அது வலப்பக்கம் சுருண்டு தலையோடு ஒட்டிக்கொண்டது. வாழ்நாள் முழுக்க அந்த அளவிலேயே நின்றது, மறுபடி வெட்ட வேண்டியே வரவில்லை. மற்ற துறவிகள் பொறாமைப்படக்கூடிய ஏற்பாடு.

உஷ்ணீஷத்துக்கும் இப்படி ஒரு பயணம் உண்டு. சொல்லின் பொருள் தலைப்பாகை. தலைப்பாகை கட்டியது போன்ற வடிவான தலை என்று இருந்தது, சிற்பிகளின் கையில் உச்சி மேடாகிவிட்டது. நாகப்பட்டினத்தில் கிடைத்த செப்புத் திருமேனிகளில் அந்த மேட்டின் மேல் தீச்சுடரும் சேர்ந்துகொண்டது. அதற்கும் முந்தைய சாஞ்சிச் சிற்பங்களில் புத்தரின் உருவமே கிடையாது. புறப்பாட்டுக் காட்சியில் ஆளில்லாத குதிரை, மேலே குடை, முடிவில் இரண்டு பாதச் சுவடு, அவ்வளவுதான். மணிமேகலை தன் பழம்பிறப்பை உணர்வதும் மணிபல்லவத்தில் புத்தரின் பாதபீடிகை முன்னால்தான். பாதாதிகேசத்தில் பாதம் மட்டும் போதும் என்று நின்ற காலம் உண்டு.

மறைந்துபோன லக்கணங்கள்

அரண்மனையை விட்ட பிறகு ஆறு வருடம் கடுந்தவம். அப்போது அந்த உடம்புக்கு என்ன ஆனது என்று மஜ்ஜிம நிகாயம் சொல்லும் இடம் கொஞ்சம் அச்சமூட்டும். புட்டம் ஒட்டகத்தின் குளம்பு போலானது. முதுகெலும்பு கோத்த மணிமாலை போல் துருத்தியது. விலா எலும்புகள் இடிந்த கொட்டகையின் கை மரங்கள் போல. கண்கள் ஆழ்கிணற்றின் அடியில் மின்னும் நீர் போல. தலைத்தோல் பச்சையாய் அறுத்து வெயிலில் போட்ட சுரைக்காய் போல வதங்கியது. வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கையில் பட்டது. பார்த்தவர்கள் "கௌதமர் கறுப்பு" என்றார்கள், சிலர் "இல்லை, மாநிறம்" என்றார்கள். பொன்னிறம் போய்விட்டது. லாகூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் காந்தாரச் சிலை ஒன்று இதை நரம்பு நரம்பாகக் கல்லில் செதுக்கிவைத்திருக்கிறது.

32 லக்கணமும் அப்போது மறைந்துபோயின என்றே நிதானகதை சொல்கிறது. மறுபடி சாப்பிடத் தொடங்கியதும் திரும்பி வந்தன. அத்தனை பிறவிப் புண்ணியத்தின் கணக்குப் புத்தகமும் பட்டினியில் மங்கிவிடுகிறது! உடம்பை வதைப்பது வழியல்ல என்ற போதனையை இதைவிட எளிதாகக் கதையில் வைக்க முடியுமா என்று தெரியவில்லை.

இன்னொரு முரண்பாட்டையும் நூல்கள் மறைக்கவில்லை. பொன்னிறமும் ஊர்ணமும் உஷ்ணீஷமும் கொண்ட ஒருவரை எவ்வளவு கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? அஜாதசத்து அரசர் ஓர் இரவில் புத்தரைப் பார்க்கப் போகிறார். பிக்குகள் நடுவே யார் புத்தர் என்று தெரியாமல், கூட வந்த மருத்துவர் ஜீவகரைக் கேட்கிறார். நடுத்தூணில் சாய்ந்து கிழக்கு நோக்கி உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் என்று அடையாளம் காட்ட வேண்டியிருக்கிறது. புக்குசாதி என்ற துறவி ஒரு குயவரின் கொட்டகையில் புத்தரோடு ஒரே இரவைக் கழிக்கிறார். இவருக்காகத்தான் துறவு பூண்டேன் என்று சொல்கிறவர், பக்கத்தில் இருப்பவர் அவரே என்று அறியவில்லை. போதனையைக் கேட்ட பிறகுதான் புரிகிறது.

மிதிலையில் 120 வயது பிரம்மாயு என்ற பிராமணர், புத்தருக்கு 32 லக்கணமும் உண்டா என்று சரிபார்த்துவர மாணவன் உத்தரனை அனுப்புகிறார். அவன் 30 லக்கணங்களைக் கண்ணால் பார்க்கிறான். நாக்கும் ஆண்குறியும் பாக்கி. புத்தர் நாக்கை நீட்டி இரண்டு காதையும் மூக்கையும் தொட்டு நெற்றியை மூடிக் காட்டுகிறார். மற்றதைத் தன் அற்புத ஆற்றலால் உணர்த்துகிறார். வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் உத்தரன் திரும்பவில்லை, இவர் எப்படித்தான் வாழ்கிறார் என்று பார்க்க நிழல் போல ஏழு மாதம் பின்னாலேயே நடக்கிறான்.

குருவிடம் அவன் ஒப்பிப்பதில் பெரும்பகுதி அந்த ஏழு மாதம்தான். நடக்கும்போது வலது காலை முதலில் வைக்கிறார். அடி மிக நீளமும் இல்லை, மிகக் குறுக்கமும் இல்லை. கால் முட்டிகள் உரசுவதில்லை. பார்க்க வேண்டுமானால் உடம்பு முழுவதையும் திருப்பிப் பார்க்கிறார். பாத்திரத்தைக் கழுவும்போது தண்ணீர் தெறிப்பதில்லை. கவளத்தை இரண்டு மூன்று முறை மென்று விழுங்குகிறார், ஒரு பருக்கை மிஞ்சாமல் உள்ளே போன பிறகுதான் அடுத்த கவளம். சுவை தெரிகிறது, சுவைமேல் ஆசை இல்லை. மிகக் கூர்மையான சுவையுணர்வும் 32 லக்கணங்களில் ஒன்று என்பது இங்கே நினைவுக்கு வர வேண்டும். லக்கணத்தை எண்ண வந்தவன் நடையையும் சாப்பாட்டையும் எண்ணிக்கொண்டு போகிறான்.

கடைசியாக, சம்யுத்த நிகாயத்தில் ஒரு சிறு காட்சி. சாவத்தி நகரில், விசாகை என்ற பக்தை கட்டிக்கொடுத்த மடத்தில், மாலை வெயிலில் முதுகைக் காயவைத்துக்கொண்டு புத்தர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய அணுக்கச் சீடர் ஆனந்தர் வந்து கை கால்களைத் தேய்த்துவிடுகிறார். தேய்த்துக்கொண்டே சொல்கிறார்: "ஆச்சரியம் ஐயனே, தோல் முன்போல் தெளிவாக இல்லை. கை காலெல்லாம் தளர்ந்து சுருங்கிவிட்டது. உடம்பு முன்னால் கூனிவிட்டது." புத்தர் மறுக்கவில்லை. "அப்படித்தான் ஆனந்தா. இளமைக்குள் மூப்பு இருக்கிறது, ஆரோக்கியத்துக்குள் நோய் இருக்கிறது, உயிருக்குள் சாவு இருக்கிறது" என்கிறார்.

விசாகை கட்டிய அந்தக் கட்டடத்துக்குப் பாலியில் 'பாஸாதம்' என்று பெயர். இளவரசருக்கு அப்பா கட்டிக்கொடுத்த மூன்று மாளிகைகளையும் நூல்கள் அதே சொல்லால்தான் குறிக்கின்றன.